நீலக் கவுனின் நான்கு தடங்கள்

பிப்ரவரி 11

அக்காவுக்குத் துணையாகப் போனவளுக்கும் ஒரு சீட்டு கிடைத்திருக்கிறது. போன வாரம் அவளைச் சர்க்கரைக்குக் காட்ட சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என் கையையும் நீட்டச் சொல்லி ரத்தம் எடுத்தார்கள். இன்று முடிவு வந்தது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.2.

விளக்கியவர் ஒரு சிஸ்டர். சிரிப்பு என்பதே கிடையாது. உடுப்புக்கும் முகத்துக்கும் சேர்த்துக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணியது போல இருந்தார். கஞ்சி சிஸ்டர் என்று மனதுக்குள் அங்கேயே பெயர் வைத்துவிட்டேன். 5.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லையாம். 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோயாம். நான் நடுவில்.

"நோய் இன்னும் வரலம்மா, வாசல்ல நிக்குது. உள்ள விடுறதும் திருப்பி அனுப்புறதும் பெரும்பாலும் உங்க கையிலதான் இருக்கு" என்றார்.

மாத்திரை இப்போதைக்கு வேண்டாம். எழுபத்தாறு கிலோவில் ஐந்து கிலோவாவது இறங்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் விறுவிறுவென்று நடக்க வேண்டும். தட்டில் பாதி காய்கறி. ஆறு மாதம் பார்ப்போம் என்றார்.

பிறகு இடுப்பு அளவு எடுத்தார். டேப்பை இறுக்கிப் பிடித்து 36 என்று எழுதினார். ஒரு தையல்காரிக்கு இது பொறுக்குமா? இப்படி இறுக்கி எடுத்தால் போட்டுக்கொள்கிறவள் மூச்சுவிட முடியாது என்று சொல்லி, டேப்பை வாங்கி நானே சுற்றிக் காட்டினேன். 37. அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 12

டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை போடுகிறேன் என்று இன்றுதான் எண்ணினேன். மூன்று. ஒரு நாளைக்கு ஐந்து டீ. பெருக்கிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 16

இடுப்பு 37 என்பது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. எப்போது ஏறியது? என் உடுப்பு எதுவும் என்னிடம் புகார் சொன்னதே இல்லையே.

அலமாரியில் இருந்த நீலக் கவுனை எடுத்து உட்பக்கம் திருப்பினேன். ஒன்பது வருடம் முன்பு எனக்கு நானே தைத்தது. பக்கத் தையலுக்கு உள்ளே வரிசையாகப் பழைய ஊசித் துளைகள். எண்ணினேன். நான்கு தடம். நான்கு தடவை பிரித்து விட்டிருக்கிறேன், தடவைக்கு ஒரு அங்குலம். தைத்தபோது 33.

மற்றவர்களுக்குக் கொக்கி மாட்டாதபோது தெரிந்துவிடும், உடம்பு பெருத்துவிட்டது என்று. பயந்துபோய் நாலு நாளாவது வாயைக் கட்டுவார்கள். எனக்கு? லேசாகப் பிடிக்கிறது என்று தோன்றியதுமே பத்து நிமிடத்தில் பிரித்து, பத்து நிமிடத்தில் தைத்து, மறுபடி வசதியாக உட்கார்ந்து பன் சாப்பிட்டிருக்கிறேன். தெரிந்தே செய்ததும் இல்லை. கை தானாகச் செய்திருக்கிறது.

உள்ளே துணி விடாமல் தைக்காதே, மனுஷ உடம்பு ஒரே அளவில் நிற்காது என்று பட்டனிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். பட்டன் என் தையல் கடையில் வேலை செய்கிறவள். சேர்ந்த புதிதில் ஒரு சட்டைக்குப் பட்டனை உட்பக்கம் வைத்துத் தைத்தாள், அந்தப் பெயர் நின்றுவிட்டது. இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். என் கையால் தைத்ததிலேயே எனக்கு இத்தனை துணி மிச்சம் இருந்திருக்கிறது என்று அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 24

வீட்டுக்காரர் குச்சி மாதிரி இருப்பார். எலக்ட்ரீஷியன். நாள் முழுக்க ஏணியில் ஏறி இறங்குகிற உடம்பு. எவ்வளவு தின்றாலும் எங்கே போகிறது என்று தெரியாது. நான் சர்க்கரை இல்லாத டீயை மருந்து மாதிரி விழுங்க, எதிரில் உட்கார்ந்து ஸ்பூனால் சத்தம் வரக் கலக்குகிறார். வேண்டுமென்றே கலக்கவில்லை என்று சத்தியம் வேறு. ஒரு டம்ளருக்கு எத்தனை சுற்று? இருபத்திரண்டு. நான் எண்ணினேன்.

மார்ச் 1

என்னைப் போன்றவர்களுக்காகச் சுகாதார நிலையத்தில் முதல் கூட்டம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை வர வேண்டும். பதினொரு பேர் இருக்கிறோம், எல்லோருக்கும் வாசலில் நிற்கிறது. ஒரு லாரி டிரைவர் இருக்கிறார், ஒரு பள்ளிக்கூட டீச்சர் இருக்கிறார். ஆளுக்கொரு காலடி எண்ணும் கருவி கொடுத்தார்கள், தீப்பெட்டி அளவு. இடுப்பில் செருகிக்கொள்ளச் சொன்னார் கஞ்சி சிஸ்டர். படிப்படியாக எட்டாயிரம் காலடிக்கு வர வேண்டுமாம்.

கவுனில் இடுப்புப் பட்டி ஏது? அதுவும் இல்லாமல், அந்த இடத்தை நினைவுபடுத்துகிற எதையும் அங்கே மாட்ட எனக்கு இஷ்டமில்லை. கடைக்கு வந்து கறுப்பு எலாஸ்டிக்கில் ஒரு சின்னப் பை தைத்து, வலது கணுக்காலில் போட்டுக்கொண்டேன். காலடியைக் காலில்தானே எண்ண வேண்டும்? அளவெடுத்தது போல உட்கார்ந்தது. தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள் பட்டன்.

மார்ச் 3

14,300! நான் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மார்ச் 9

நேற்று 17,920. வீட்டுக்காரர் தன் கருவியில்லாத காலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எதிர் பேக்கரியில் கிரீம் பன் ஒன்று வாங்கித் தின்றேன். பதினேழாயிரம் நடந்தவளுக்கு ஒரு பன் கூடாதா?

மார்ச் 13

விடாத மழை. கடையை விட்டு வெளியே கால் வைக்கவில்லை. நாற்பது பள்ளிச் சீருடைக்குத் தையல் முடித்தேன். மின்சார மெஷின் இருந்தாலும் நேர்த்தியாக வர வேண்டிய வேலைக்கு நான் காலால் மிதிக்கிற மெஷினில்தான் உட்காருவேன். சாயங்காலம் கருவியைப் பார்த்தால் 26,480. மழை பெய்தாலும் என் நடை நிற்கவில்லை! உடம்பில் இவ்வளவு சுறுசுறுப்பை வைத்துக்கொண்டு எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

மார்ச் 15

கூட்டத்தில் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். எல்லோரும் ஐந்தாயிரம், ஆறாயிரம் என்று முனகிக்கொண்டிருக்க, நான் சராசரி பதினெட்டாயிரம். லாரி டிரைவர் எழுந்து நின்று கை தட்டினார். டீச்சர் என்ன ரகசியம் என்று கேட்டார். மனசு வைத்தால் எதுவும் முடியும் என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். கஞ்சி சிஸ்டர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. சிலருக்கு அடுத்தவர் உயர்வு பிடிக்காது.

மார்ச் 29

எடை 76.4. நானூறு கிராம் ஏறியிருக்கிறது. எடை மெஷினில் கோளாறு என்றேன். கஞ்சி சிஸ்டர் தானே ஏறி நின்று பார்த்தார். கோளாறு இல்லை. என் எண்களை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தார். நான் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தேன்.

ஏப்ரல் 2

மானம் கப்பலேறிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மதியம் கஞ்சி சிஸ்டர் கடைக்கு வந்தார், உடுப்பைக் கொஞ்சம் பிடித்துத் தைக்க. சின்ன வேலை, உட்காருங்கள், கையோடு தருகிறேன் என்று ஸ்டூலைப் போட்டேன். அவர் என் காலுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். நான் மிதிக்க ஆரம்பித்தேன்.

ஒரு தோள்பட்டை முடிந்திருக்காது. கொஞ்சம் நிறுத்துங்கம்மா என்றார். இறங்கி என் காலருகே குந்தி உட்கார்ந்து எலாஸ்டிக்கைத் திருப்பிக் கருவியைப் பார்த்தார். இப்போது பத்து தடவை மிதியுங்கள் என்றார். மிதித்தேன். கருவியில் பத்து ஏறியது. இன்னொரு பத்து. அதுவும் ஏறியது.

பிறகு சிரித்தார். ஆரம்பித்தவரால் நிறுத்த முடியவில்லை, கஞ்சி மொத்தமும் கலைந்து, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பட்டன் உள்ளே ஓடித் துணிக்குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"மெஷின்தாம்மா நடந்திருக்கு. நீங்க உட்கார்ந்திருக்கீங்க."

மிதிப்பதும் உடம்புக்கு நல்லதுதானே என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். சும்மா இருப்பதற்கு அது மேல், ஆனால் மூச்சு வாங்கினதா, வியர்த்ததா என்று கேட்டார். மிதித்துக்கொண்டே பாட்டு கேட்டேன் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 3

கவுனில் ஒரு இடுப்புப் பட்டி வைத்துத் தைத்தேன். கருவியை அதில் செருகினேன். நாள் முழுவதற்கும் 2,140.

ஒரு மாதமாகப் பன் தின்றவளுக்கு இந்த எண்ணை விழுங்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

ஏப்ரல் 12

கூட்டத்தில் எழுந்து சொன்னேன். சிஸ்டர் சொல்லச் சொல்லவில்லை, நானாகத்தான். ரகசியம் கேட்ட டீச்சரின் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கேலி செய்வார்கள் என்று தயாராகப் போயிருந்தேன். செய்தார்கள். ஆனால் லாரி டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார். மோசமான ரோட்டில் போகும்போது தன் கருவியிலும் காலடி ஏறுவதாகவும், அன்றைக்குக் கை தட்டும்போதே தனக்கு ஒரு சந்தேகம் இருந்ததாகவும் சொன்னார். என் மெஷினும் அவர் லாரியும் மட்டும்தான் உடம்பைக் குறைத்துக்கொண்டிருக்கின்றன.

ஏப்ரல் 17

எழுதினால்தான் தூக்கம் வரும்.

அக்கா கடைக்கு வந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, வெட்டு மேசைப் பக்கம் நின்று பட்டனோடு வெகுநேரம் பேசினாள். என் நடை மெஷின் கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். தண்ணீர் எடுக்க அவள் திரும்பி நடந்தபோது கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியில் ஒரு சிவப்புப் புள்ளி. அடுத்த அடியில் இன்னொன்று.

அக்கா நில்லு என்றேன். காலைத் தூக்கிப் பார்த்தால் குதிகாலில் குண்டூசி. தலை வரைக்கும் உள்ளே போயிருக்கிறது. எவ்வளவு நேரமாக அதன்மேல் நின்றிருக்கிறாள்! எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

கத்தினேன். ஊசி குத்தினது கூடத் தெரியாதா, ஏன் சொல்லலை, வாய் இல்லையா உனக்கு என்று. பயத்தில் என்ன பேசினேன் என்றே தெரியவில்லை.

"வலிச்சிருந்தா சொல்லியிருப்பேன்டி" என்றாள் அக்கா.

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். சர்க்கரையால் கால் மரத்துப்போய் ஒரு வருடம் ஆகிறதாம். எதற்கு உன்னைப் பயமுறுத்த வேண்டும் என்று சொல்லவில்லையாம். ஆட்டோ பிடித்துச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டார் சிஸ்டர். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

வரும் வழியில் அக்காதான் என்னைத் தேற்றினாள். தனக்கும் ஒரு காலத்தில் வாசலில்தான் நின்றிருக்கும், எட்டிப் பார்க்கவே இல்லை என்றாள்.

நான் ஊசியோடு பிழைக்கிறவள். ஊசி குத்தினால் எனக்கு வலிக்க வேண்டும். விரல் நுனிக்கு நூல் தெரிய வேண்டும். எனக்குப் பயமா இருக்கு. பயம்னு எழுதவே ரெண்டு மாசம் ஆயிருக்கு. அத்தனை நாளும் சிரிச்சே ஓட்டியிருக்கேன்.

ஏப்ரல் 18

காலை ஆறு மணிக்கு எழுந்து நடந்தேன். முப்பத்திரண்டு நிமிடம். யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 27

வீட்டுக்காரர் துணைக்கு வருகிறேன் என்று கிளம்பினார். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். இவர் முழுப் பாட்டையும் இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டு வந்தார். வேகத்தைக் கூட்டினேன். சரணத்தில் மூச்சு வாங்கியது. இன்னும் கூட்டினேன். மூன்றாவது தெருவில் பாட்டு நின்றது. தெருவே நிம்மதியாக இருந்தது.

மே 4

கடையை மாற்றி அமைத்தேன். இத்தனை நாளும் நூல், கத்தரி, இஸ்திரி எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில் இருந்தன. எல்லாவற்றையும் எழுந்து போனால்தான் கிடைக்கும் என்று எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோனேன். தைத்த துணியை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று போன் செய்வதை விட்டுவிட்டு, பக்கத்துத் தெருக்களுக்கு நானே நடந்துபோய்க் கொடுக்கிறேன். நான் திடீரென்று பணிவானவளாகிவிட்டேன் என்று ஊரில் பேச்சு. டீ இரண்டாகிவிட்டது, அதில் சர்க்கரை அரை ஸ்பூன். சோற்றைக் கடைசியில்தான் போட்டுக்கொள்கிறேன். காய்க்கும் பருப்புக்கும் பிறகு தட்டில் அதற்கு அவ்வளவாக இடமிருப்பதில்லை.

மே 10

5.9. எடை 73.8. சிஸ்டர் லேசாகச் சிரித்தார். எண்ணுக்கா, மெஷினை நினைத்தா தெரியவில்லை.

மே 22

இன்னைக்கு எதையும் ஒளிக்கப் போறதில்லை. ஆறு கிரீம் பன். ஆறு. ஒரு வாடிக்கைக்காரி கவுன் பிடிச்சுப்போச்சுன்னு ஒரு பெட்டி கொடுத்தாள். பட்டன் லீவு. ஒண்ணுதான்னு எடுத்தேன். அப்புறம் பெட்டிக்குள்ள பேப்பர்தான் இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து அவரிடம் எரிந்து விழுந்தேன், ஏதோ ஸ்விட்ச் போடவில்லை என்று. அவர் வாசலில் போய் இரண்டு ஜோடி செருப்பையும் எடுத்துத் திருப்பி வைத்துவிட்டு நின்றார். பாட மாட்டேன் என்றார். போனோம். நாற்பது நிமிடம். பாதி வழியில் பன் விஷயத்தைச் சொன்னேன். தனக்கு ஒன்றாவது வைத்திருக்கலாமே என்றார்.

ஜூன் 7

கூட்டத்தில் பன்னைப் பற்றியும் சொன்னேன். ஒரு நாள் வழுக்கினால் மறுநாள் எழுந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார் சிஸ்டர். லாரி டிரைவர் மூன்று கிலோ இறங்கிவிட்டார். சாப்பாட்டுக் கடையிலிருந்து தள்ளி லாரியை நிறுத்திவிட்டு நடந்து போகிறாராம்.

ஜூலை 3

அக்கா காயம் ஆறிவிட்டது. ஆற பதினொரு வாரம் ஆனது.

ஜூலை 19

நீலக் கவுனைப் போட்டுக்கொண்டேன். இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. கை உடனே குண்டூசியைத் தேடியது. பிடித்துத் தைக்கலாமா? வேண்டாம். ஆகஸ்ட் வரட்டும். எண் வருவதற்கு முன் நான் எந்தத் தையலையும் தொடப்போவதில்லை. ஒரு தடவை மெஷினை நம்பிக் கெட்டது போதும்.

ஆகஸ்ட் 13

நாளை முடிவு. அவர் சர்க்கரை இல்லாமல் டீ குடித்தார். வேண்டுதலா என்று கேட்டேன். சர்க்கரை தீர்ந்துவிட்டது என்றார்.

ஆகஸ்ட் 14

5.6. எடை 70.5. இடுப்பு 35, நான் எடுத்த அளவு, இறுக்காமல்.

சிஸ்டர் தாளை என் பக்கம் திருப்பி விரலால் தொட்டுக் காட்டினார். வாசலில் நின்றது போய்விட்டதா என்று கேட்டேன். தெருமுனை வரைக்கும் போயிருக்கிறது, நீங்கள் நடையை நிறுத்தினால் திரும்பிப் பார்க்கும், வருடா வருடம் வந்து சோதித்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்து நடைபாதை ஓரத்தில் நின்று கொஞ்சம் அழுதேன். பிறகு வீடு வரை நடந்தே வந்தேன்.

ஆகஸ்ட் 16

காலையில் நீலக் கவுனை உட்பக்கம் திருப்பி மேசையில் விரித்தேன். மூன்றாவது தடத்தின் மேலேயே வைத்து, பழைய துளைகளில் புதுத் தையல் போட்டேன். காலால் மிதிக்கிற மெஷினில்தான். இடுப்பில் இருந்த கருவியில் ஒரு காலடிகூட ஏறவில்லை, யோக்கியமாக இருந்தது.

போட்டுப் பார்த்துவிட்டு, கழற்றி, கத்தரியை எடுத்தேன். தையலுக்கு வெளியே நிற்கிற துணியைப் பார்த்தேன். நான்காவது தடமும் கடைசித் தையலும் அதில்தான் இருந்தன. பட்டன் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அக்கா, உள்துணியை வெட்டக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் பிரிச்சு விட முடியாதே."

ஆமாம் என்றேன். வெட்டினேன், இரண்டு பக்கமும்.

நீளமாக நாலு நீலக் கீற்று வந்தது, ஒன்பது வருடம் துவைத்து மெத்தென்று இருந்தது. அக்காவுக்கு வீட்டுக்குள் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி துணிச்செருப்பு நேற்றே வெட்டி வைத்திருந்தேன், அடியில் தடித்த மெத்தை வைத்து. அந்தக் கீற்றுகளை அதற்குக் கரையாகச் சுற்றித் தைத்தேன். தைத்து முடித்ததும் உள்ளே கையை விட்டு ஒரு முடிச்சுகூட உறுத்தாதபடி விரல் விரலாகத் தடவிப் பார்த்தேன்.

சாயங்காலம் நடந்துபோய்க் கொடுத்தேன். நாற்பத்தைந்து நிமிடத் தூரம். அக்கா போட்டுப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். உள்ளே ஏதாவது உறுத்துகிறதா என்று கேட்டேன். அது உனக்குத்தானேடி தெரியும் என்றாள். தெரியும், ஒன்றும் உறுத்தவில்லை என்றேன்.